அரசியல் எழுத்தில் மேற்கோள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழில் அரசியல் எழுதுகிறவர்களுக்கும் பேசுகிறவர்களுக்கும் மேற்கோள் மீது தனிப் பிரியம் உண்டு. குறளில் தொடங்கி, நடுவே மார்க்ஸையும் அம்பேத்கரையும் தொட்டு, பாரதியில் முடிக்கிற பேச்சை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பத்துப் பக்க வாதம் செய்யாத வேலையை நல்ல வரி ஒன்று செய்துவிடும். அதனால்தான் அந்த வரி சரியாக இருக்க வேண்டும் என்று நான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். ஒருவர் பெயரைப் போட்டு, மேற்கோள் குறிக்குள் ஒரு வாக்கியத்தை வைத்தால், "இவர் இப்படிச் சொன்னார்" என்று நாம் சாட்சி சொல்கிறோம். அந்தச் சாட்சி பொய் என்று ஆகிவிட்டால், எதிர்த்தரப்பு நம் வாதத்தைத் தொடவே வேண்டியதில்லை. மேற்கோளை மட்டும் பிடித்துக்கொண்டு மொத்தக் கட்டுரையையும் தள்ளிவிடலாம்.

பிறர் எழுதிய கட்டுரைகளைத் திருத்திக் கொடுக்கும்போது ஒரே மாதிரியான தவறுகள் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. சில அலட்சியத்தால் வருபவை, சில ஆசையால் வருபவை. இரண்டாவது வகைதான் ஆபத்தானது.

பெயர் பொருந்துகிறது என்பதற்காக நம்புவது

"நீ சொல்வதை நான் ஏற்கவில்லை, ஆனால் அதைச் சொல்ல உனக்குள்ள உரிமையை உயிரைக் கொடுத்தாவது காப்பேன்." கருத்துச் சுதந்திரம் பற்றிய கட்டுரைகளில் பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் பெயரோடு இந்த வரி தவறாமல் வந்துவிடும். வால்டேர் இறந்தது 1778-ல். இந்த வாக்கியம் அச்சுக்கு வந்ததோ 1906-ல். ஈவ்லின் பீட்ரிஸ் ஹால் என்ற ஆங்கில எழுத்தாளர், எஸ்.ஜி. டாலன்டைர் என்ற புனைபெயரில் வால்டேரின் நண்பர்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். எல்வேஷியஸ் என்ற தத்துவவாதியின் நூலை பிரான்சில் எரித்தபோது வால்டேரின் மனநிலை எப்படி இருந்தது என்று விளக்க, அவர் தாமே ஒரு வாக்கியத்தை எழுதி மேற்கோள் குறிக்குள் வைத்தார். அது என்னுடைய வாக்கியம்தான், மேற்கோள் குறி போட்டிருக்கக் கூடாது என்று 1939-ல் ஒரு கடிதத்தில் அவரே ஒப்புக்கொண்டார். அதற்குள் வரி உலகம் சுற்றிவிட்டது.

இதை ஏன் யாரும் சந்தேகப்படவில்லை? வால்டேர் அப்படிச் சொல்லக்கூடியவர்தான் என்று எல்லோருக்கும் தோன்றியது. "சொல்லக்கூடியவர்" என்பதற்கும் "சொன்னார்" என்பதற்கும் உள்ள இடைவெளியில்தான் பெரும்பாலான போலி மேற்கோள்கள் குடியிருக்கின்றன. பெரிய பெயர்கள் ஊரில் உள்ள நல்ல வரிகளையெல்லாம் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் சர்ச்சில், மார்க் ட்வைன், ஐன்ஸ்டீன், ஆர்வெல் என்றால் நம்மிடம் காந்தி, விவேகானந்தர், கலாம், புத்தர். இந்தப் பெயர்களில் ஒன்று அடியில் இருந்தாலே சந்தேகம் இரண்டு மடங்காக வேண்டும்.

ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெலையே எடுத்துக்கொள்ளுங்கள். "எங்கும் வஞ்சகம் நிறைந்த காலத்தில் உண்மையைச் சொல்வதே புரட்சி" என்ற வரி அவர் எழுத்தில் எங்கும் இதுவரை கிடைக்கவில்லை. அவர் உண்மையாகவே எழுதியது இருக்கிறது. அரசியலும் மொழியும் பற்றி 1946-ல் எழுதிய கட்டுரையில், அரசியல் மொழி பொய்யை உண்மை போலவும் கொலையைக் கண்ணியமானதாகவும் காட்டுவதற்காகவே வடிவமைக்கப்படுகிறது என்ற பொருளில் எழுதியிருக்கிறார். போலி வரியைவிட இது எவ்வளவோ கூர்மையானது. யார் கையில் மொழி என்ன வேலை செய்கிறது என்று குறிப்பாகச் சொல்கிறது. போலியைத் தேடிப் போகிறவர் உண்மையானதை இழக்கிறார் என்பதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அதற்கு மிகப் பெரிய உதாரணம், பிரிட்டிஷ் இந்தியாவில் ஆங்கிலக் கல்விக்காக வாதாடிய அதிகாரி மெக்காலே.

தேதியும் இடமும் போட்டிருந்தால் போதும் என்று நினைப்பது

"இந்தியா முழுவதும் பயணம் செய்தேன், ஒரு பிச்சைக்காரனையோ திருடனையோ பார்க்கவில்லை. இந்த நாட்டின் முதுகெலும்பான ஆன்மிக, பண்பாட்டு மரபை உடைக்காமல் இவர்களை வெல்ல முடியாது. ஆகவே இவர்களுடைய கல்விமுறையை மாற்ற வேண்டும்." இப்படி ஒரு பத்தி, 1835 பிப்ரவரி 2 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் மெக்காலே பேசியது என்று சுற்றுகிறது. கல்விக் கருத்தரங்கு, பள்ளி ஆண்டுவிழா, தேர்தல் மேடை எல்லாவற்றிலும் கேட்கலாம். தேதி, இடம், பேசியவர் எல்லாம் இருப்பதால் ஆதாரம் கேட்கவே யாருக்கும் தோன்றுவதில்லை.

கொஞ்சம் நின்று பார்ப்போம். மெக்காலே 1834 ஜூனில் சென்னையில் வந்து இறங்கினார். கவர்னர் ஜெனரல் பெண்டிங் அப்போது ஊட்டியில் இருந்ததால் அங்கே போய் அவரைச் சந்தித்துவிட்டுப் பிறகு கல்கத்தா போனார். இங்கிலாந்துக்குத் திரும்பியது 1838-ல். 1835 பிப்ரவரியில் லண்டனில் பேசியிருக்க வழியே இல்லை. ஆனால் அந்தத் தேதி கற்பனை அல்ல. அன்றுதான் அவர் கல்கத்தாவில் தம் புகழ்பெற்ற கல்விக் குறிப்பில் கையெழுத்திட்டார். உண்மையான தேதியை எடுத்து, பொய்யான பத்தியின் தலையில் யாரோ ஒட்டிவிட்டார்கள். போலி மேற்கோள் செய்கிறவர்கள் கையாளும் வழி இதுதான். ஒரு விவரம் சரியாக இருந்தால் மற்றதையும் நம்பிவிடுவோம் என்று அவர்களுக்குத் தெரியும்.

அந்தக் கல்விக் குறிப்பு முழுதாகவே படிக்கக் கிடைக்கிறது. சமஸ்கிருதமோ அரபியோ தமக்குத் தெரியாது என்று அதில் மெக்காலே வெளிப்படையாகச் சொல்கிறார். சொல்லிவிட்டு, நல்ல ஐரோப்பிய நூலகத்தின் ஒரே ஓர் அலமாரித் தட்டு இந்தியா, அரேபியா இரண்டின் மொத்த இலக்கியத்துக்கும் சமம் என்ற கருத்தை முன்வைக்கிறார். ரத்தத்திலும் நிறத்திலும் இந்தியராகவும், ரசனையிலும் கருத்திலும் ஒழுக்கத்திலும் அறிவிலும் ஆங்கிலேயராகவும் இருக்கும் ஒரு வகுப்பை உருவாக்க வேண்டும் என்ற புகழ்பெற்ற வரியும் அதில்தான் உள்ளது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போலிப் பத்தியில் வரும் மெக்காலே இந்தியாவை வியக்கிறார், அதன் உயர்வைக் கண்டு அஞ்சுகிறார். உண்மையான மெக்காலேவுக்கு வியப்பும் இல்லை, அச்சமும் இல்லை; அறியாமையிலிருந்து பிறந்த இளப்பம் மட்டுமே இருக்கிறது. காலனியக் கல்வியை விமர்சிக்க விரும்புகிறவருக்கு எது பலமான ஆயுதம்? ஒரு மொழியையும் படிக்காமலே அவற்றின் இலக்கியம் முழுவதற்கும் விலை போட்ட மனிதரின் சொந்தக் கையெழுத்துள்ள ஆவணம் இருக்கும்போது, யாரோ எழுதிய பத்தி எதற்கு? போலிப் பத்தி நம்மைப் புகழ்கிறது, அதனால்தான் அது பரவுகிறது. எதிரியின் வாயிலிருந்து நமக்குப் பாராட்டு வருகிற மேற்கோளைக் கண்டால் அங்கேயே நின்றுவிட வேண்டும்.

இதன் மறுபக்கம் சர்ச்சில் பெயரில் சுற்றுகிறது. இந்தியாவுக்கு விடுதலை கொடுத்தால் ஆட்சி அயோக்கியர்கள் கைக்குப் போகும், காற்றுக்கும் தண்ணீருக்கும்கூட வரி போடுவார்கள் என்று அவர் சொன்னதாக ஒன்று. ஊழல் செய்தி வரும்போதெல்லாம் இதுவும் கூடவே வரும். சர்ச்சில் இந்தியர்களைப் பற்றி மோசமாகப் பேசியவர்தான், அதற்குப் பதிவுகள் உண்டு. ஆனால் இந்தப் பத்திக்கு நம்பத்தகுந்த மூலத்தை யாரும் காட்டியதில்லை. இங்கே நடக்கும் ஊழலைச் சாட அந்த ஊழலின் கணக்கே போதும். ஆதாரமில்லாத தீர்க்கதரிசனத்தைத் துணைக்கு அழைக்கும்போது கேள்வி நம் ஆட்சியாளர்களை விட்டு நகர்ந்து, "நாமெல்லாம் ஆளத் தகுதியற்றவர்கள்" என்ற இடத்துக்குப் போய்விடுகிறது.

பாத்திரம் பேசியதை ஆசிரியர் தலையில் கட்டுவது

தமிழில் இதற்குப் பாரதியைவிடப் பெரிய பலி யாரும் இல்லை. "மெல்லத் தமிழ் இனிச் சாகும் என்று பாரதியே சொல்லிவிட்டான்" என்று எத்தனை மேடைகளில் கேட்டிருப்போம்! தமிழின் எதிர்காலம் பற்றிக் கவலைப்படுகிறவர்களும் சொல்கிறார்கள், தமிழ்வழிக் கல்வி வேண்டாம் என்கிறவர்களும் சொல்கிறார்கள்.

அந்தப் பாடலில் பேசுவது தமிழ்த்தாய். தன் மக்களிடம் பேசுகிறாள். தன் பழைய பெருமையைச் சொல்லிக்கொண்டே வந்தவள் திடீரென்று நின்று, இன்று ஒரு சொல்லைக் கேட்டேன் என்கிறாள்.

கொன்றிடல் போலொரு வார்த்தை – இங்கு
கூறத் தகாதவன் கூறினன் கண்டீர்!

மேற்கே புதிய கலைகள் வளர்கின்றன, அவற்றைச் சொல்லும் திறமை தமிழுக்கு இல்லை என்று அந்த ஆள் பேசியதை அவள் திருப்பிச் சொல்கிறாள். பிறகுதான் இந்த இடம் வருகிறது:

மெல்லத் தமிழினிச் சாகும் – அந்த
மேற்கு மொழிகள் புவிமிசை யோங்கும்
என்றந்தப் பேதை உரைத்தான் – ஆ!
இந்த வசையெனக் கெய்திட லாமோ?

அதாவது பாரதி எழுதிய பாட்டில், தமிழ்த்தாய் பேசும்போது, அவள் கண்டித்துத் திருப்பிச் சொல்லும் ஒரு பேதையின் கூற்று இது. முன்னே "கூறத் தகாதவன்", பின்னே "பேதை" என்று இரண்டு பக்கமும் வேலி போட்டுத்தான் பாரதி அந்த வரியை உள்ளே வைத்திருக்கிறார். நாம் இரண்டு வேலியையும் பிடுங்கி எறிந்துவிட்டு, பேதை சொன்னதை எடுத்துக் கவிஞர் வாயில் திணித்துவிட்டோம். பாட்டு அங்கே முடியவும் இல்லை. "சென்றிடுவீர் எட்டுத் திக்கும் – கலைச் செல்வங்கள் யாவும் கொணர்ந்திங்கு சேர்ப்பீர்" என்று அடுத்த அடியிலேயே அவள் வேலை கொடுக்கிறாள். இந்தப் பெரும்பழி தீரும், புகழ் ஏறிப் புவிமிசை என்றும் இருப்பேன் என்று உறுதியோடு முடிக்கிறாள். சாவு அறிவிப்பாக நாம் படிக்கிற பாட்டு, மொழிபெயர்ப்புக்கும் அறிவியல் தமிழுக்கும் எழுதப்பட்ட அழைப்பு. இதை இப்படிப் பாதியில் வெட்டுவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

ஷேக்ஸ்பியருக்கும் இதே கதிதான். "முதல் வேலையாக வக்கீல்களையெல்லாம் கொன்றுவிடுவோம்" என்பது அவர் கருத்தாகவே மேற்கோள் ஆகிறது. ஆறாம் ஹென்றி நாடகத்தின் இரண்டாம் பாகத்தில், கலகக் கூட்டத்தில் இருக்கும் டிக் என்ற கசாப்புக்காரர் பேசும் வசனம் அது. நாடகம், கதை, கவிதை எதிலிருந்து எடுத்தாலும் "இதைப் பேசுவது யார்?" என்று ஒரு முறை கேட்டுக்கொண்டால் இந்தத் தவறு நடக்காது.

பாதியை மட்டும் எடுப்பது

மார்க்ஸை எடுங்கள். "மதம் மக்களுக்கு அபின்." ஆதரிக்கிறவர், எதிர்க்கிறவர் இரண்டு பேருக்கும் இந்த மூன்று சொல் போதும். 1844-ல் வெளியான அந்தக் கட்டுரையில் இதற்கு முந்தைய வாக்கியம், மதம் ஒடுக்கப்பட்ட உயிரின் பெருமூச்சு, இதயமற்ற உலகின் இதயம், ஆன்மா இல்லாத நிலைமைகளின் ஆன்மா என்று போகிறது. அதையும் சேர்த்துப் படித்தால் கேள்வியே மாறிவிடும். வலி இருப்பதால்தான் வலிமருந்து தேடுகிறார்கள், அந்த வலி எங்கிருந்து வருகிறது என்பதே அங்கே அவர் கேட்பது. மார்க்ஸ் மதத்தை ஏற்றுக்கொண்டார் என்று இதற்குப் பொருள் இல்லை. அவர் விமர்சனம் எங்கே குறிவைக்கிறது என்பது முழுப் பத்தியில்தான் தெரியும்.

சர்ச்சிலின் ஜனநாயக வரியில் வெட்டப்படுவது இரண்டு சொல்தான். 1947 நவம்பர் 11 அன்று காமன்ஸ் சபையில் எதிர்க்கட்சித் தலைவராக அவர் பேசியது இது. ஜனநாயகம்தான் இருப்பதிலேயே மோசமான ஆட்சிமுறை, இதுவரை முயன்று பார்த்த மற்ற எல்லாவற்றையும் தவிர்த்து, என்று சொல்லும்போது, "என்று சொல்லப்பட்டிருக்கிறது" என்பதையும் சேர்த்தேதான் சொன்னார். இன்னொருவர் சொன்னதை எடுத்தாள்கிறேன் என்று அவரே அறிவித்துவிட்டார். நாம்தான் அதைக் கத்தரித்து அவருக்கே பட்டா போட்டுக் கொடுத்தோம். ஆனால் இதற்குச் சபைக் குறிப்பில் பதிவு இருக்கிறது, தேதி இருக்கிறது. சராசரி வாக்காளரோடு ஐந்து நிமிடம் பேசினால் ஜனநாயகத்தின் மேல் நம்பிக்கை போய்விடும் என்று அவர் பெயரில் வருவதற்கோ எந்தப் பதிவும் இல்லை. இரண்டும் ஒரே படத்தோடு, ஒரே எழுத்துருவில் வருகின்றன.

அம்பேத்கர் விஷயத்தில் வெட்டாமல் எடுப்பது எவ்வளவு பலம் தரும் என்று பாருங்கள். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அவர் ஆற்றிய உரையில் பக்தி பற்றி ஓர் இடம் வருகிறது. மதத்தில் பக்தி ஆன்ம விடுதலைக்கு வழியாக இருக்கலாம். அரசியலில் பக்தி, அதாவது தனிமனித வழிபாடு, சீரழிவுக்கும் கடைசியில் சர்வாதிகாரத்துக்கும் போகும் நிச்சயமான பாதை. பலரும் முதல் பாதியை விட்டுவிடுகிறார்கள். அந்தப் பாதியை விட்டால், பக்தியுள்ள ஒருவர் "இது என்னைத் திட்டும் வரி" என்று காதை மூடிக்கொள்வார். சேர்த்துச் சொன்னால் அவரே தலையாட்டுவார், உங்கள் கோயிலைப் பற்றி நான் பேசவில்லை, தலைவர் கட்-அவுட்டுக்குப் பாலாபிஷேகம் செய்வதைப் பற்றிப் பேசுகிறேன் என்று அம்பேத்கரே அவரிடம் சொல்வது போல இருக்கும். அதே உரையில் அவர் ஜான் ஸ்டூவர்ட் மில்லையும் அயர்லாந்துத் தலைவர் ஓ'கானலையும் பெயர் சொல்லி மேற்கோள் காட்டுகிறார். எது தன் வாதம், எது கடன் வாங்கியது என்று கேட்பவருக்குத் தெளிவாகத் தெரியும்.

சாரத்தைச் சொல்லிவிட்டு மேற்கோள் குறி போடுவது

"நீங்கள் காண விரும்பும் மாற்றமாக நீங்களே இருங்கள்" என்ற காந்தி வரி இப்படி உருவானதுதான் என்று தோன்றுகிறது. இந்த வடிவம் காந்தியின் தொகுக்கப்பட்ட எழுத்துகளில் கிடைக்கவில்லை. 1913-ல் இந்தியன் ஒப்பீனியன் இதழில் உடல்நலம் பற்றி எழுதிய தொடரில், நம்மை நாம் மாற்றிக்கொண்டால் உலகின் போக்கும் மாறும், மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று காத்திருக்க வேண்டியதில்லை என்ற கருத்தை எழுதியிருக்கிறார். பாம்புக்கடி பற்றிய பகுதியில் வருவது அது. கருத்து நெருக்கமானது, வாக்கியம் வேறு. "காந்தி இப்படி ஒரு கருத்தைச் சொல்லியிருக்கிறார்" என்று எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாது. குறிக்குள் வைத்தால் அது பொய்யாகிவிடும். அவ்வளவு சின்ன வித்தியாசம்.

"முதலில் உங்களைக் கண்டுகொள்ள மாட்டார்கள், பிறகு கேலி செய்வார்கள்" என்று தொடங்கும் இன்னொரு காந்தி வரிக்கு நெருக்கமான பேச்சு ஒரு தொழிற்சங்க மேடையில் இருக்கிறது. 1918-ல் பால்டிமோரில் நடந்த ஆடைத் தொழிலாளர் சங்க மாநாட்டில் நிக்கலஸ் கிளைன் என்பவர் பேசியது. கேலிக்குப் பிறகு தாக்குவார்கள், எரிக்கப் பார்ப்பார்கள், அப்புறம் உங்களுக்கு நினைவுச்சின்னம் எழுப்புவார்கள் என்று முடித்தார். தையல் தொழிலாளர்கள் நடுவே சங்கம் கட்டியவர்களின் அனுபவத்திலிருந்து வந்த வரியை மகாத்மாவுக்கு எழுதிவைக்கும்போது அந்தத் தொழிலாளர் வரலாறும் சேர்ந்து அழிகிறது. தமிழில் மே தினக் கட்டுரை எழுதுகிறவர்கள் இந்த வரியைக் கிளைன் பெயரிலேயே போடலாம்.

வேற்றுமொழி மேற்கோள்களுக்கும் இதே விதிதான். பிரெஞ்சிலிருந்து ஆங்கிலம், ஆங்கிலத்திலிருந்து தமிழ் என்று இரண்டு கை மாறிய வாக்கியத்தை, மூலத்தையோ நல்ல மொழிபெயர்ப்பையோ பார்க்காமல் குறிக்குள் வைக்க வேண்டாம். "என்ற பொருளில் எழுதினார்" என்றால் போதும். இதைவிட வருத்தமானது பெரியார் தமிழில் பேசியதை ஆங்கிலக் கட்டுரையிலிருந்து மறுபடி தமிழாக்கிப் போடுவது. அவர் நடத்திய குடி அரசு 1925 முதல் அச்சில் வந்த இதழ், அதன் பக்கங்கள் தொகுதிகளாகக் கிடைக்கின்றன. அவருடைய நடையே ஒரு வாதம். அதைச் சலவை செய்த தமிழில் கொடுத்தால் ஆளே காணாமல் போய்விடுகிறார்.

"யார் சொன்னால் என்ன?" என்பது

இந்தத் தவறுகளைச் சுட்டிக்காட்டினால் உடனே வரும் பதில் இது. கருத்து நல்லதுதானே, பெயரில் என்ன இருக்கிறது? "எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்" என்று வள்ளுவரே சொல்லவில்லையா? சரி, அப்படியானால் பெயரை எடுத்துவிடுங்கள். கருத்து தன் காலில் நிற்கட்டும். எடுக்க மனம் வரவில்லை என்றால், அந்தப் பெயர்தான் வேலை செய்கிறது என்று நமக்கே தெரியும் என்று அர்த்தம்.

பெயர் எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு ஒரு கசப்பான உதாரணம் உண்டு. "உன்னை ஆள்பவர் யார் என்று தெரிய வேண்டுமா? யாரை விமர்சிக்க உனக்கு அனுமதி இல்லை என்று பார்." இதுவும் வால்டேர் பெயரில் வருகிறது. நல்லெண்ணம் கொண்டவர்கள், சிறுபான்மை உரிமை பேசுகிறவர்கள்கூடப் பகிர்கிறார்கள். இதன் வேர் கெவின் ஆல்ஃபிரட் ஸ்ட்ராம் என்ற அமெரிக்க வெள்ளையினவெறியர் 1993-ல் வெளியிட்ட பேச்சு. யூதர்களே உலகை ஆள்கிறார்கள் என்ற வெறுப்புப் பிரசாரத்தின் பகுதியாக எழுதப்பட்டது. வால்டேர் முகத்தை மாட்டிவிட்டதும் எல்லா வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது. வரி எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் பகிர்கிறவர், அது யாரைக் குத்துவதற்காகத் தீட்டப்பட்டது என்பதும் தெரியாமலே பகிர்கிறார்.

சொன்னவருக்கு உரியதைக் கொடுப்பதில் மாக்ஸ் வைன்ரைக்கை எனக்கு மிகவும் பிடிக்கும். மொழிக்கும் அரசியலுக்கும் உள்ள உறவைப் பற்றி இருபதாம் நூற்றாண்டு தந்த கூர்மையான வரிகளில் ஒன்று, "மொழி என்பது தரைப்படையும் கடற்படையும் வைத்திருக்கும் வட்டார வழக்கு" என்பது. கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான யித்திஷின் அறிஞர் வைன்ரைக் இதை 1945-ல் யித்திஷில் அச்சிட்டார். ஆனால் தன்னுடையது என்று சொல்லவில்லை. தன் விரிவுரைக்கு வந்திருந்த ஒரு பள்ளி ஆசிரியர் இதைத் தன்னிடம் சொன்னதாக எழுதினார். அந்த ஆசிரியரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. வைன்ரைக் நினைத்திருந்தால் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டிருக்கலாம். நாமோ இன்று "வைன்ரைக் சொன்னார்" என்று சுருக்கிவிடுகிறோம். "வைன்ரைக் தன் விரிவுரைக்கு வந்த ஒருவர் சொன்னதாகப் பதிவு செய்தார்" என்று எழுத இன்னும் ஆறு சொல்தான் ஆகும்.

நம்மிடம் "ஒன்றே குலம், ஒருவனே தேவன்" இருக்கிறது. இதை அண்ணாவின் வரி என்றே நினைக்கிற இளைஞர்கள் நிறைய. அது திருமந்திரத்தில் வருவது. "ஒன்றே குலமும் ஒருவனே தேவனும்" என்று திருமூலர் பாடியது. அண்ணா அதை அரசியல் முழக்கமாக எடுத்தாண்டார். இரண்டு பெயரையும் சேர்த்துச் சொன்னால்தான் விஷயமே சுவையாகிறது. ஒரு சைவ நூலின் வரி எப்படித் திராவிட இயக்க மேடைக்கு வந்தது, அங்கே என்ன வேலை செய்தது என்ற பெரிய கேள்வி அப்போதுதான் திறக்கும்.

தேடாமல் விடுவது, தவறான இடத்தில் தேடுவது

படத்தோடு வருவது ஆதாரம் இல்லை. தொலைக்காட்சிச் சின்னத்தோடு வரும் நியூஸ் கார்டும் ஆதாரம் இல்லை. தேர்தல் நேரத்தில் அவற்றைப் போலியாகச் செய்வது சர்வ சாதாரணம். இணையத்தில் ஆயிரம் இடத்தில் இருப்பதும் ஒன்றையொன்று பார்த்து எழுதியதாகவே இருக்கும். இப்போது புதிதாக, செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் "இந்தத் தலைப்பில் அம்பேத்கர் மேற்கோள் பத்து கொடு" என்று கேட்டு அப்படியே ஒட்டுகிறார்கள். அது இல்லாத வாக்கியத்தை இருக்கிற புத்தகத்தின் பெயரோடு, பக்க எண்ணோடு சரளமாக எழுதித் தந்துவிடும். அது கொடுத்த பக்கத்தைத் திறந்து கண்ணால் பார்க்காமல் ஒரு வரியைக்கூட எடுக்க வேண்டாம்.

தேட நல்ல இடங்கள் நிறையவே உள்ளன. காந்தியின் எழுத்துகள் 100 தொகுதிகளாக இணையத்தில் இருக்கின்றன. அரசியல் நிர்ணய சபை விவாதங்கள் தேதிவாரியாகக் கிடைக்கின்றன. பிரிட்டிஷ் நாடாளுமன்றப் பதிவான ஹான்சார்டில் சொல் கொடுத்துத் தேடலாம். அம்பேத்கரின் பேச்சும் எழுத்தும் தமிழிலேயே தொகுதிகளாக உண்டு. பாரதி, சங்க இலக்கியம், திருமந்திரம் எல்லாம் மதுரைத் திட்டத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் இலவசமாகப் படிக்கலாம். ஈழத்து இதழ்களுக்கு நூலகம் தளம் இருக்கிறது. தேடும்போது வரியின் மிகப் பழைய அச்சு எது என்று பாருங்கள். சொன்னவர் இறந்து நூறு வருடம் கழித்துத்தான் வரி முதலில் தென்படுகிறது என்றால், பெரும்பாலும் விஷயம் முடிந்தது.

இரண்டு இடங்களில் கவனம் தேவை. கிடைக்காத மேற்கோளுக்கு "என்று சொன்னதாகச் சொல்லப்படுகிறது" என்று போட்டுத் தப்பித்துக்கொள்வது எனக்கு உடன்பாடில்லை. உங்களிடமிருந்து எடுத்து எழுதும் அடுத்த ஆள் அந்தச் "சொல்லப்படுகிறது"வை முதல் வேலையாக வெட்டிவிடுவார். அந்த வரி அவ்வளவு அவசியமா என்று பார்த்து, இல்லையென்றால் விட்டுவிடுவது நல்லது. மறுபுறம், உங்கள் தேடலில் கிடைக்கவில்லை என்பதற்காக "அவர் சொல்லவே இல்லை" என்று அடித்துப் பேசவும் கூடாது. "இந்தத் தொகுப்புகளில் தேடினேன், கிடைக்கவில்லை" என்பதுதான் நமக்கு உண்மையாகத் தெரிந்த அளவு. நாளை யாராவது ஒரு பழைய இதழைத் திறந்து காட்டலாம்.

அடுத்தவரைத் திருத்தும்போதும் இது உதவும். குடும்பக் குழுவில் மாமாவோ பெரியப்பாவோ மெக்காலே பத்தியை அனுப்பினால், "இது பொய்" என்று ஒற்றை வரியில் முகத்தில் அடிக்க வேண்டாம். அவர் அதை அனுப்பியது நாட்டின் மேல் உள்ள பிரியத்தால். மெக்காலே உண்மையில் எழுதிய குறிப்பை அனுப்பி, "இதைப் பாருங்கள் மாமா, உண்மையில் எழுதினது இதைவிட மோசம்" என்று சொல்லுங்கள். அவர் அடுத்த குழுவுக்கு அதையே அனுப்புவார். நீங்களே வெளியிட்ட கட்டுரையில் தவறு தெரியவந்தால், சத்தமில்லாமல் வரியை மாற்றிவிட்டுப் போகாமல், முன்பு என்ன இருந்தது, ஏன் மாற்றினேன் என்று அந்தப் பத்தியின் கீழேயே ஒரு குறிப்புப் போடுங்கள். பழைய வரியை ஏற்கெனவே எடுத்துக்கொண்டு போனவர்கள் திரும்பி வந்து பார்த்தால் அது அவர்கள் கண்ணில் படும்.